இரு அணிகளுக்கும் ஆரவாரம் செய்தவள்: பள்ளிப் பிராபல்யத்தின் வரலாறும் ஒரு நாவலும்

அமெரிக்க எழுத்தாளர் ஜெரி ஸ்பினெல்லி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்டார்கேர்ள்’ இருநூறு பக்கங்களைத் தொடாத சிறிய நாவல். பதின்பருவத்தினருக்கென்று எழுதப்பட்டது. அதனாலேயே நம்மில் பலர் அதைக் கையிலெடுக்காமல் கடந்து போயிருக்கக்கூடும். பள்ளியில் யார் பிரபலம், யார் பிரபலமில்லை என்பதே அதன் பொருள் என்று சொன்னால், முதிர்ந்த வாசகர் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். நானும் முதலில் அப்படித்தான் அணுகினேன். ஆனால் அச்சிறு நூலுக்குப் பின்னால் ஏறத்தாழ நூறாண்டுக்கால வரலாறு ஒன்று நிற்கிறது. அவ்வரலாற்றையும் சேர்த்து வாசிக்கும்போது, ஒரு பெண்ணோடு பள்ளி முழுவதும் ஏன் பேச்சை நிறுத்தியது என்ற கேள்வி, வெறும் கதைக் கேள்வியாக நின்றுவிடுவதில்லை.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரிசோனாப் பாலைநிலத்தில் மைக்கா என்றொரு கற்பனை ஊர். அவ்வூர் உயர்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்புப் படிக்கும் லியோ போர்லாக் கதையைச் சொல்கிறான். அதுவரை வீட்டிலிருந்தே படித்துவந்த ஒரு பெண் அப்பள்ளியின் பத்தாம் வகுப்பில் வந்து சேர்கிறாள். பெற்றோர் வைத்த பெயர் சூசன் காராவே. அவள் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர் ஸ்டார்கேர்ள். தரைதொடும் பழங்காலப் பாவாடை, உகுலேலே என்னும் நான்கு நரம்புகள் கொண்ட சிறு இசைக்கருவி, கூடவே ஒரு வளர்ப்பு எலி. உணவுக்கூடத்தில் அன்றைக்குப் பிறந்தநாள் காண்பவர் யாராயினும், அவர் எதிரில் நின்று வாழ்த்துப் பாடுகிறாள்.

பள்ளி முதலில் திகைக்கிறது; பிறகு மயங்குகிறது; ஆட்டக்களத்தில் ஆரவாரம் எழுப்பும் சியர்லீடர் குழுவில் அவளைச் சேர்த்துக்கொள்கிறது. தோல்விக்குப் பழகிப்போன கூடைப்பந்து அணி அவ்வாண்டு வரிசையாக வெல்லத் தொடங்குகிறது. சிக்கல் அங்கேதான் முளைக்கிறது. எதிரணியினர் பந்தைக் கூடைக்குள் போட்டாலும் அவள் ஆரவாரம் செய்கிறாள். எதிரணியின் சிறந்த ஆட்டக்காரன் கணுக்கால் முறிந்து விழும்போது, ஓடிச்சென்று அவன் தலையைத் தாங்கிக்கொள்கிறாள். பின்னொரு முக்கிய ஆட்டத்தில் சொந்த அணி தோற்றதும், அதற்குக் காரணம் அவளே என்று பள்ளி தீர்மானித்துவிடுகிறது. அதன்பின் யாரும் அவளிடம் பேசுவதில்லை. அவளைக் காதலிக்கும் லியோவிடமும் பேசுவதில்லை.

* * *

பள்ளிப் பிராபல்யம் இளமைக்கே உரிய இயல்பு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது ஒரு நிறுவனத்தின் விளைபொருள். அமெரிக்காவைப் பொறுத்தவரை அது எப்போது பிறந்தது என்பதைக்கூட ஓரளவு துல்லியமாகச் சொல்லிவிடலாம்.

1910ஆம் ஆண்டில் அந்நாட்டின் பதினெட்டு வயதினரில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்திருந்தனர். 1940ஆம் ஆண்டில் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. முப்பதே ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றத்தைப் பொருளியல் வரலாற்றாளர்கள் ‘உயர்நிலைப் பள்ளி இயக்கம்’ என்று அழைக்கிறார்கள். 2023இல் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், லாரன்ஸ் கட்ஸுடன் இணைந்து இதை விரிவாக ஆராய்ந்தவர். ஊர்கள் தம் சொந்த வரிப்பணத்தில் பள்ளிகளைக் கட்டின. அலுவலகங்களுக்கும் புதிய தொழில்களுக்கும் எழுதப் படிக்கவும் கணக்குப் பார்க்கவும் தெரிந்தவர்கள் தேவைப்பட்டனர். 1930களின் பெருமந்தம் இளைஞர்களுக்குக் கிடைத்துவந்த வேலைகளைப் பறித்து, மிஞ்சியவர்களையும் பள்ளிக்குள் தள்ளியது.

இதன் விளைவைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் அதற்குமுன் வயலிலோ ஆலையிலோ கடையிலோ பல வயதினரிடையே ஒருவனாக இருந்தான். அவனை மதித்தவரும் கண்டித்தவரும் பெரும்பாலும் பெரியவர்களே. இப்போது அவன் தன் வயதையொத்த நூற்றுக்கணக்கானவரோடு ஒரே கூரையின்கீழ் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கிறான். அவனைப் பார்ப்பவரும் அவனை எடைபோடுபவரும் அவன் வயதினரே. ‘டீனேஜர்’ என்ற சொல் 1940களில்தான் பரவலான புழக்கத்துக்கு வந்தது. அவ்வயதுப் பெண்களுக்கென்றே ‘செவன்டீன்’ என்ற இதழ் 1944இல் தொடங்கியது. தனிச் சொல்லும் தனிச் சந்தையும் கொண்ட ஒரு புதிய மக்கட்கூட்டம் இவ்வாறு உருவாயிற்று.

இக்கூட்டத்தை முதலில் கூர்ந்து பார்த்தவர்கள் நாவலாசிரியர்கள் அல்லர், சமூகவியலாளர்கள். ராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் தம்பதியர் இந்தியானா மாநிலத்து மன்சி நகரை ஆராய்ந்து 1929இல் ‘மிடில்டவுன்’ என்ற நூலை வெளியிட்டனர். கூடைப்பந்து அணியைச் சுற்றி ஊரே திரண்டதையும், உயர்நிலைப் பள்ளிக்கு ஏற்ற உடை வாங்கித்தர இயலாத ஏழைத் தாய்மாரின் மனக்குறையையும் அதில் காணலாம். ஆகஸ்ட் ஹாலிங்ஸ்ஹெட் 1949இல் வெளியிட்ட ‘எல்ம்டவுனின் இளைஞர்கள்’ இன்னும் கறாரானது. இல்லினாய் மாநிலச் சிற்றூர் ஒன்றில், பள்ளிக்குள் யார் யாரோடு சேர்ந்து நடக்கிறார்கள் என்பது பெரும்பாலும் தந்தையரின் வர்க்கத்தைப் பொறுத்ததே என்று அவர் காட்டினார். பள்ளியின் நட்புவட்டம் ஊரின் நிழலாகவே இருந்தது.

மூன்றாவது நூல்தான் நம் நாவலுக்கு மிக நெருக்கமானது. ஜேம்ஸ் கோல்மன் இல்லினாயின் பத்து உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து 1961இல் எழுதிய ‘பதின்பருவச் சமூகம்’ அது. பள்ளியில் நீ எப்படி நினைவுகூரப்பட விரும்புகிறாய் என்று அவர் மாணவரைக் கேட்டார். சிறந்த மாணவனாகவா, விளையாட்டு வீரனாகவா, எல்லோருக்கும் பிரியமானவனாகவா? பையன்களிடையே விளையாட்டு வீரன் முந்தினான். பெண்களிடையேயும் சிறந்த மாணவி என்ற பெயருக்குப் பின்னிடமே கிடைத்தது.

இதற்குக் கோல்மன் தந்த விளக்கம் நினைவில் கொள்ளத்தக்கது. வகுப்பில் ஒருவன் மிகுந்த மதிப்பெண் பெற்றால் அது மற்றவரின் இடத்தைக் கீழிறக்குகிறது. ஆகவே அவன்மேல் பொறாமையும் கேலியும் எழுகின்றன. விளையாட்டு வீரனோ வேறொரு பள்ளியை வெல்கிறான். அவ்வெற்றி எல்லோருடைய வெற்றியாகிறது. படிப்பிலும் பள்ளிகளுக்கிடையே போட்டிகளை வைத்தால், அறிவுக்கும் இதே மரியாதை கிடைக்கும் என்று அவர் பரிந்துரைத்தார். இப்பரிந்துரையை ஒரு பக்கம் வைத்துவிட்டு நாவல்களுக்கு வருவோம்.

* * *

இளையோர் நாவல் பள்ளிக்கூடத்துக்குள் நுழையச் சற்றுத் தயங்கியே நின்றது என்பது கவனிக்கத்தக்கது. அவ்வகையின் முன்னோடியாகப் பலரும் குறிப்பிடும் மௌரீன் டேலியின் ‘பதினேழாவது கோடை’ 1942இல் வந்தது. அதன் காதல் முழுதும் பள்ளி முடிந்த விடுமுறையில் நிகழ்கிறது. பெரியவர்களுக்காக எழுதப்பட்டுப் பின்னர் இளையோரால் சொந்தமாக்கிக்கொள்ளப்பட்ட சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் தி ரை’ 1951இல் வெளியாயிற்று. அதன் நாயகன் தொடக்கத்திலேயே பள்ளியை விட்டு வெளியேறிவிடுகிறான்.

1967இல் எஸ்.இ. ஹிண்டனின் ‘தி அவுட்சைடர்ஸ்’ வெளிவந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கையில், பதினைந்து வயதில் அதை எழுதத் தொடங்கினார். எழுதியவர் பெண் என்று தெரிந்தால் மதிப்புரையாளர்கள் குறைத்து மதிப்பிடக்கூடும் என்று கருதிப் பதிப்பகத்தார் முதலெழுத்துகளை மட்டும் அட்டையில் இட்டனர். எண்ணெய் தடவிய நீள்முடி ஏழைப் பையன்களும் மேட்டுக்குடிப் பையன்களும் மோதும் அக்கதை, ஹாலிங்ஸ்ஹெட் அட்டவணைகளில் சொன்னதை ரத்தமும் கண்ணீருமாகச் சொன்னது எனலாம். ஆனால் அதன் களமும் பெரும்பாலும் தெருவும் பூங்காவுமே.

பள்ளியையே முழுக்களமாக்கி, அதை ஓர் அதிகார அமைப்பாகவும் காட்டியது 1974இல் வந்த ராபர்ட் கார்மியரின் ‘தி சாக்லெட் வார்’. ஒரு கத்தோலிக்க ஆண்கள் பள்ளி. நிதிக்காக மாணவர்கள் 20,000 பெட்டி சாக்லெட் விற்க வேண்டும். ஜெரி ரெனோ என்ற சிறுவன் விற்க மறுக்கிறான். அவனைப் பணியவைக்க மாணவரின் ரகசியக் குழுவும் பொறுப்பிலிருக்கும் ஆசிரியரும் கைகோக்கிறார்கள். முடிவில் அவன் நொறுக்கப்படுகிறான். அம்முடிவை மாற்றச் சொன்ன பதிப்பாளர்களுக்குக் கார்மியர் இணங்கவில்லை. தன் மகன் பள்ளியில் சாக்லெட் விற்க மறுத்த நிகழ்ச்சியே அந்நாவலுக்கு விதை என்று அவர் சொல்லியிருக்கிறார்.

இவ்வரிசையில்தான் ஸ்பினெல்லி வருகிறார். 1941இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். வெள்ளையரும் கறுப்பரும் பிரிந்து வாழும் ஓர் ஊரில், அனாதைச் சிறுவன் ஒருவன் அக்கோட்டைத் தாண்டி ஓடுவதைச் சொன்ன ‘மேனியாக் மகீ’க்காக 1991இல் நியூபெரி பதக்கம் பெற்றார். 1997இல் வந்த ‘ரிங்கர்’, ஊர்த் திருவிழாவில் சுடப்பட்டு விழும் புறாக்களின் கழுத்தைத் திருக மறுக்கும் சிறுவனின் கதை. கூட்டத்தோடு சேர்வதா, தன்னோடு நிற்பதா என்பது அவருடைய நெடுநாள் கேள்வி. ‘ஸ்டார்கேர்ள்’ அக்கேள்வியை உயர்நிலைப் பள்ளிக்குள் கொண்டுபோய் வைக்கிறது.

ஆனால் ஒரு வேறுபாடு. ஹிண்டனிடம் வர்க்கம் இருந்தது, கார்மியரிடம் ரகசியக் குழுவும் கொடிய ஆசிரியரும் இருந்தனர். ஸ்பினெல்லியிடம் அப்படிச் சுட்டிக்காட்ட ஒருவருமில்லை. ஹில்லரி கிம்பிள் என்ற பொறாமைக்காரி ஒருத்தி உண்டுதான். அவள் இல்லாவிட்டாலும் கதை இப்படித்தான் முடிந்திருக்கும். மைக்காவின் மாணவர்கள் சாதாரணமானவர்கள். சில வாரங்கள் அவர்கள் அழகாகக்கூட மாறியிருந்தார்கள். அவளைப் பார்த்து ஒவ்வொருவரும் தத்தம் தனித்தன்மையைக் கண்டெடுத்த ஒரு வசந்தம் அப்பள்ளியில் வந்துபோகிறது. அதனால்தான் பிறகு வரும் ஒதுக்கல் நம்மை இன்னும் கடுமையாகத் தாக்குகிறது.

* * *

கோல்மனின் பரிந்துரையை இப்போது எடுத்துக்கொள்ளலாம். ஸ்டார்கேர்ள் ஒரு பேச்சுப்போட்டியில் கலந்துகொள்கிறாள். அது வகுப்புக்குள் நடக்கும் போட்டியன்று. மாநில அளவில் பள்ளிகளுக்கிடையே நடப்பது. அறிவுத்துறையில் ஒரு மாணவி தன் பள்ளிக்காக வேறு பள்ளிகளை வெல்கிறாள். நாற்பதாண்டுகளுக்குமுன் கோல்மன் எதைக் கேட்டாரோ, அது அப்படியே நிகழ்கிறது. வெற்றிப் பரிசோடு ஊர் திரும்புகையில், பள்ளி வாசலில் பெருங்கூட்டம் தன்னை வரவேற்கக் காத்திருக்கும், இத்தோடு எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் முழுதாக நம்புகிறாள். வந்து பார்த்தால், விரல்விட்டு எண்ணத்தக்க சிலரைத் தவிர யாருமில்லை.

நாவலின் மையம் இக்காட்சி என்றே நினைக்கிறேன். கோல்மனின் விளக்கத்தில் பாதி சரி என்றும், மீதிப் பாதியை அவர் காணவில்லை என்றும் இக்காட்சி சொல்கிறது. விளையாட்டு வீரன் கொண்டாடப்படுவது அவன் பள்ளிக்காக வெல்வதால் மட்டுமன்று. அவன் வெல்லும்போது தோற்பதற்கு ஓர் எதிரி கண்முன் இருப்பதாலும்தான். ‘நாம்’ என்ற உணர்வு ‘அவர்கள்’ என்ற உணர்வோடு இரட்டைப் பிள்ளையாகப் பிறக்கிறது. ஸ்டார்கேர்ள் இரு அணிகளுக்கும் ஆரவாரம் செய்தபோது இவ்விரட்டையின் ஒரு பிள்ளையை மறுத்துவிட்டாள். அதன்பின் அவள் எத்தனை கோப்பைகளைக் கொண்டுவந்தாலும் அவை ‘நம்’ கோப்பைகள் ஆகமாட்டா. வேறு உடை, எலி, பாட்டு எல்லாவற்றையும் பள்ளி பொறுத்துக்கொண்டது. ஏன், ரசிக்கவும் செய்தது. எதிரியை எதிரியாகக் கருதாமையை மட்டும் அதனால் பொறுக்க முடியவில்லை.

அவளுக்கு வழங்கப்பட்ட தண்டனை பேச்சின்மை. தமிழ் இலக்கியம் பயின்றவர்களுக்கு இவ்விடத்தில் அலர் நினைவுக்கு வராமல் இராது. ஒரு பெண்ணின் அகவாழ்வின்மீது ஊரார் தொடுக்கும் பேச்சைத் தொல்காப்பியர் காலம் தொட்டு அம்பல் என்றும் அலர் என்றும் பிரித்தறிந்து வைத்திருக்கிறோம். அலர் துன்பந்தான், எனினும் அது அவளை ஊருக்குள்ளேயே வைத்துப் பேசும் பேச்சு. பல சமயம் திருமணத்தை விரைவுபடுத்திவிடுவதும் அதுவே. மைக்காவில் நிகழ்வது அலருக்கு நேரெதிர். பேச்சு நின்றுவிடுகிறது. ஏச்சுக்கூட இல்லை. எதிரில் வருபவளைக் காணாதது போல் எல்லோரும் கடந்துபோகிறார்கள். தூற்றப்படுபவருக்கு மறுமொழி சொல்ல ஓர் இடமாவது மிஞ்சும். காணப்படாதவருக்கு அதுவும் இல்லை. தன் வயதினரின் பார்வையிலேயே தன் உருவைக் கண்டறியும்படி வளர்க்கப்பட்ட ஒரு தலைமுறைக்கு இதைவிடக் கடுமையான தண்டனை இல்லை.

* * *

இத்தண்டனையைத் தாங்க முடியாமல் போவது அவளுக்கன்று, லியோவுக்கு. நாவலின் உண்மையான வேதனை இங்கேதான் இருக்கிறது. எல்லோரையும் போல் இருந்துவிடேன் என்று அவளிடம் கேட்பவர் பகைவர் எவருமில்லை, அவளை நேசிப்பவன். அவளும் அவனுக்காக இணங்குகிறாள். பெயரை மாற்றிச் சூசன் ஆகிறாள். எல்லோரும் வாங்கும் உடைகளை வாங்குகிறாள். எல்லோரும் பேசுவதைப் பேசுகிறாள். பேச்சுப்போட்டி வெற்றியை அவள் அவ்வளவு நம்பியதும் அந்தச் சூசனாக இருந்தபோதுதான். வாசலில் கூட்டமில்லை என்று கண்டபின் அவள் பழையபடி ஸ்டார்கேர்ள் ஆகிவிடுகிறாள். லியோ அவளைக் கைவிடுகிறான். பள்ளியின் வசந்த நடன விழாவுக்கு அவளை அழைத்துச் செல்லவில்லை. அவளோ மிதிவண்டியோடு இணைத்துப் பூக்களால் மூடிய பக்கவண்டியில் ராணி போல வந்திறங்குகிறாள். முதலில் விலகி நின்றவர்கள் இறுதியில் அவள் பின்னால் வரிசையாக ஆடத் தொடங்குகிறார்கள். லியோ இவற்றையெல்லாம் வெளியே நின்று பார்க்கிறான். பிறகு அவள் அவ்வூரிலிருந்தே மறைந்துவிடுகிறாள்.

நாவலின்மேல் ஒரு குறை சொல்லப்படுவதுண்டு. ஸ்டார்கேர்ள் குறையே இல்லாதவள், ஒரு பையனின் கண்வழியாக மட்டுமே காட்டப்படும் தேவதை, அவளுக்கென்று உள்ளம் இல்லை என்பது அது. இதை முற்றிலும் மறுத்துவிட முடியாது. ஸ்பினெல்லியே 2007இல் ‘லவ், ஸ்டார்கேர்ள்’ என்ற தொடர்ச்சியை அவள் லியோவுக்கு எழுதும் நீண்ட கடிதமாக, அவள் குரலிலேயே எழுதினார். எனினும் முதல் நாவலில் அவள் உள்ளம் திறக்கப்படாமல் இருப்பதில் ஒரு நியாயம் இருப்பதாகவும் படுகிறது. அந்நாவல் அவளைப் பற்றியதன்று, அவளை இழந்தவனைப் பற்றியது. பல ஆண்டுகள் கழித்து, வளர்ந்த மனிதனாக, தன் கோழைமையை அலங்காரமின்றிப் பதிவு செய்கிறான் லியோ. தான் செய்ததைக் கூட்டத்தின்மேல் சுமத்தி அவன் தப்பித்துக்கொள்ளவில்லை.

ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என்னை உறுத்துவது இன்னொன்று. கார்மியரின் ஆசிரியர் கொடியவர்; அவரை வெறுத்துவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிடலாம். ஸ்பினெல்லியின் பள்ளியில் ஆசிரியர்கள் பெரும்பாலும் கண்ணில் படுவதேயில்லை. லியோ புத்திமதி தேடிச் செல்வது ஆர்ச்சி என்ற ஓய்வுபெற்ற தொல்லுயிரியல் அறிஞரின் வீட்டுக்கு. புதைபடிவ எலும்புகளோடும் பாலைக் கள்ளியோடும் பேசிக்கொண்டிருக்கும் முதியவர் அவர். ஒரு மாணவியோடு பள்ளி முழுதும் பேச்சை நிறுத்தியிருக்கிறது, பணியிலிருக்கும் ஆசிரியர் ஒருவருக்கும் அது தெரியாதா? தெரிந்துதான் இருக்கும். எந்த வகுப்பில் யார் தனியாக உட்கார்ந்து உண்கிறார் என்பது எங்களுக்கு எப்போதும் தெரியும். பிள்ளைகள் விவகாரம், நாம் தலையிடக்கூடாது என்று சொல்லிக்கொள்வோம். ஆனால் ஒரே வயதினரை ஒரே கூரையின்கீழ்க் கூட்டி, கோப்பைகளைக் கண்ணாடிப் பேழையில் அடுக்கி, அந்த உலகத்தைக் கட்டித் தந்தவர்கள் பெரியவர்கள்தாம் என்பதை மேலே கண்ட வரலாறு சொல்கிறது. கட்டியவர்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிட முடியாது.

நாவல் ஒரு கழுத்துப்பட்டையில் தொடங்கிக் கழுத்துப்பட்டையில் முடிகிறது. சிறுவயதில் லியோவுக்குக் கழுத்துப்பட்டை சேகரிக்கும் பழக்கம். அவன் பிறந்தநாளை ஒட்டி உள்ளூர்ச் செய்தித்தாளில் வந்த சிறு குறிப்பொன்று அதைச் சொல்கிறது. சில நாளில், முள்ளம்பன்றி வரைந்த கழுத்துப்பட்டை ஒன்று பெயர் குறிப்பிடாத பரிசாக வந்து சேர்கிறது. யார் அனுப்பினார் என்று அவன் நெடுங்காலம் அறியான். செய்தித்தாளின் மூலைகளில் வரும் இத்தகைய துணுக்குகளைத் தேடிப் படித்து, முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்லாமல் பரிசு கொடுப்பது ஸ்டார்கேர்ளின் வழக்கம் என்பது பின்னால்தான் நமக்குத் தெரிகிறது. எல்லோராலும் பார்க்கப்படுவதற்கே பள்ளி பிராபல்யம் என்று பெயர் வைத்திருந்தது. அவளோ பார்ப்பவளாக இருந்தாள். பள்ளியில் எவரும் அவளைக் காண்பதற்கு முன்பே, அவள் லியோவைக் கண்டிருந்தாள்.

பல ஆண்டுகளுக்குப் பின், லியோ எங்கோ தனியாக வாழும் நாளில், மற்றுமொரு முள்ளம்பன்றிக் கழுத்துப்பட்டை அஞ்சலில் வருகிறது. இம்முறையும் அனுப்பியவர் பெயர் இல்லை.